கட்டில் கம்பியை இறக்கியது நான்தான்

அருள், இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். போனில் சொல்லவும் பார்த்தேன். "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று நீ கேட்கிறாய். நான் பேச்சை எடுப்பதற்குள் "கம்பெனி பஸ் வந்துடுச்சும்மா, வெச்சிடறேன்" என்கிறாய். அதனால்தான் நம் தேவாலயப் பங்கின் மாத இதழில் இதைப் போடச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். "நல்லா யோசிச்சீங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார். யோசித்தேன். உன்னை எல்லோர் முன்னாலும் குற்றவாளியாக நிறுத்தினார்கள். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் எல்லோர் முன்னாலும்தான் இருக்க வேண்டும். அன்று காலை மருத்துவமனையில் என் கட்டிலின் பக்கக் கம்பியை நீ தூக்கி மாட்டிவிட்டுத்தான் போனாய். அதை இறக்கியது நான். இறக்கி, எழுந்து, விழுந்தேன். நீ பழியை ஏற்றுக்கொண்டு நின்றபோது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மகன் நர்ஸிங் படித்தவன். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடியவில்லை. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்து, பெல்ட்டில் வரும் உதிரிபாகங்களுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருக்கிறான். அந்த வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. நம் தெருவில் பாதிப் பிள்ளைகள் அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள். ஆனால் அருள், நீ அதற்குப் போனவன் இல்லை, அங்கே ஒளியப் போனவன்.

நீ எங்களுக்குப் பிந்திப் பிறந்த பிள்ளை. பிறக்கவே மாட்டாய் என்று ஊர் முடிவு கட்டிய பிறகு பிறந்தாய். உன் அப்பா வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். பக்கவாதத்தில் அவர் படுத்தபோது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைத்ததெல்லாம் நீதான். நான் கஞ்சி வைத்தேன், மருந்து கொடுத்தேன், துணியை வெந்நீரில் அலசினேன். ஆனால் அவரைப் புரட்டும் நேரத்தில் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். அவர் குழறிய நாக்கோடு ஒரு நாள் என்னிடம் சொன்னார், "இவன் கை வெச்சா நோவே தெரில. உனுக்கு இன்னா தெரியும், நீ கிட்ட வந்தா தான." அவர் போன பிறகு நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றாய். ஆம்பிளைப் பிள்ளை நர்ஸிங்கா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே முகத்தில் காட்டினேன். கோயிலில் விசாரித்தவர்களிடம் மருத்துவத் துறையில் படிக்கிறான் என்றேன். ஒரு அம்மாள் "டாக்டருக்கா?" என்று கேட்டபோது சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் "நர்ஸுன்னு சொன்னா இன்னாம்மா?" என்று நீ கேட்டாய். "இன்னா இல்லை, என்ன" என்று திருத்தினேன். உன் கேள்விக்கு நான் தந்த பதில் அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவாய். அங்கே ஆண் நர்ஸை பிரதர் என்று கூப்பிடுகிறார்கள் என்றாய். டாக்டருக்குக் கோபம் வந்தால் அந்தச் சொல்லையே வசவு போலச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றாய். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் புதிதாகச் சேர்ந்தவன்தான் தொடர்ந்து நிற்க வேண்டும், மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை என்றாய். நரம்பு கிடைக்காமல் இரண்டாம் முறை ஊசி குத்தியதற்கு ஒரு பெரியவரின் மகன் உன் சட்டையைப் பிடித்தானாம். முதல் முறையாக உன் கையில் ஒருவர் இறந்த அன்று, குழாய்களை எடுத்து, தாடையைத் துணியால் கட்டி, முகத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. "கையை நன்றாகக் கழுவினாயா?" என்று கேட்டேன். நீ எழுந்து போய் இன்னொரு முறை கழுவிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு மருத்துவமனையைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. உனக்குப் பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து, தண்ணீர் கூடத் தங்காமல் போய், உன் வார்டிலேயே படுக்க நேர்ந்தது. நடுவில் திரை போட்டு ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஆள் பற்றாக்குறை என்பதால் உன் ஷிப்டில் இரண்டு பக்கத்துக்கும் நீயே. பெண்களின் மலம், மூத்திரம், குளியல் போன்ற வேலைகளுக்கு ஆயாம்மா என்று ஒரு பணியாளர், கன்னியம்மா. அங்கே படுத்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். வீட்டில் தட்டைக் கூட எடுத்து வைக்காத பிள்ளையா இது என்று பார்த்தேன். யாரைத் தொடுவதற்கு முன்னாலும் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாய். சாலவாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவி உன்னைக் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "பொம்பள நர்ஸு யாரும் இல்லியா? இந்தப் புள்ளாண்டான் வந்து இன்னா பண்ணுவான்?" என்றாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா, உங்க கைய மட்டும் பார்த்துட்டுப் போறேன்" என்றாய். மறுநாள் வேறொரு நர்ஸ் ஊசியோடு வந்தபோது அதே கிழவி, "அந்தப் புள்ள வரட்டும், நீ குத்துனா வீங்கிப் பூடுது" என்று கையை மடக்கிக்கொண்டாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நர்ஸ் என் மகன் என்று பக்கத்துக் கட்டிலில் சொன்னேன். அன்றுதான் முதல் முறையாக நர்ஸ் என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னேன்.

அப்படி இருக்க ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கலாம். உங்கள் தொழிலில் ஷிப்டு மாறும்போது ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. போகிறவர்களும் வருகிறவர்களும் கூட்டமாகக் கட்டில் கட்டிலாக வருவீர்கள். ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் நின்று, காய்ச்சல் எப்படி, மருந்து கொடுத்தாயிற்றா, மலம் போனதா, மூத்திரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வீர்கள். அது சரியான முறை, அதில் உயிர் இருக்கிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் முந்தைய நாள் காலை என் கட்டில் பக்கம் நின்று, பெற்ற பிள்ளையான நீ, "நேத்து சாயங்காலத்துலேர்ந்து மோஷன் போகல, யூரின் கம்மி" என்று சொன்னபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். புதிதாக வந்த பெண் நர்ஸ்கள் தலையாட்டிக் கேட்டார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் மருமகள் எதிர்க் கட்டிலில் இருந்தாள்.

என் அம்மாவும் அப்பாவும் பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்களுக்குக் கழிப்பறை என்று ஒன்று இருந்ததில்லை. இருட்டில் போய் இருட்டிலேயே திரும்ப வேண்டும். வரப்பு மேல் நடந்து வருகிறவன் எங்களைப் பார்த்தும் நகராமல் நிற்பான். கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் சேர்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் உள்ள கதவைப் பார்த்தேன். குளிக்கும்போதும் பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும் என்று மதர் பழக்கினார். மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சிறையாகத் தெரியவில்லை. என் உடம்பை இனி யாரும் பார்க்க முடியாது என்பது எனக்குக் கிடைத்த முதல் சொத்து. டீச்சராகி ஊருக்குத் திரும்பியபோது, எங்களை வாடி போடி என்று கூப்பிட்டவர்கள் வாங்க டீச்சர் என்றார்கள். அந்த மரியாதை கஞ்சி போட்ட என் புடவைக்குக் கிடைத்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நான் உன் கையைத் தட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தட்டிவிட்டது எந்தக் கை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அன்று காலை கன்னியம்மா வரத் தாமதம். நீ வந்து குனிந்து, மெதுவாகக் கேட்டாய்: "அம்மா, பெட்பேன் வேணுமா? சுத்தித் திரை போட்டுட்டு நானே வைக்கறேன். நான் பார்க்க மாட்டேம்மா." எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு இருந்தது. "எனக்கு ஒன்றும் வேண்டாம். போய் உன் வேலையைப் பார்" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். கம்பியைத் தூக்கி மாட்டி, அசைத்துப் பார்த்துவிட்டு, "எழுந்திருக்காதம்மா, தலை சுத்தும், என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒப்படைப்பு வார்டின் அந்தக் கோடியில் தொடங்கியது. ஒவ்வொரு கட்டிலாக நெருங்கி வருகிறீர்கள். ஈரமான விரிப்போடு நான் படுத்திருக்க, அதை நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தேன். அதற்குள் போய் வந்து, தலையை வாரிக்கொண்டு, விரிப்பை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கம்பியை எப்படி இறக்குவது என்று நீ இறக்கும்போது பார்த்து வைத்திருந்தேன். எதையும் ஒரு முறை பார்த்தால் கற்றுக்கொள்கிறவள் என்ற பெருமை வேறு. கால் தரையில் பட்டது நினைவிருக்கிறது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நீதான் முதலில் ஓடி வந்தாய். என்னை யாரும் இழுக்க விடாமல், காலை அசைக்காமல், பலகை கொண்டுவரச் சொல்லித் தூக்கினாய். நனைந்திருந்த என் மேல் உன் கையில் இருந்த விரிப்பைப் போட்டு மூடினாய். அப்போதும் நீ பார்க்கவில்லை. பிறகு தலைமை நர்ஸான மேட்ரன் வந்தார். எல்லோர் முன்னாலும், "சைடு ரெயில் போடலையா? பெத்த தாய்க்கே இந்தக் கவனிப்புன்னா மத்தவங்கள உன்ன நம்பி எப்படி விடறது?" என்றார். "போட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். கம்பியை நான் இறக்கினேன் என்றால், ஏன் இறக்கினீர்கள் என்று கேட்பார்கள். அதை அந்தக் கூட்டத்தின் நடுவில் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலியில் மூடியதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நீ அப்படி நினைக்கவில்லை. என்னை அறிந்தவன் நீ. "போட்டேன்னு நெனச்சேன் மேடம். என் தப்புதான்" என்றாய்.

எனக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் கொண்டுவந்து படுக்க வைக்கும்வரை கூடவே இருந்தாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலை நீ பையை எடுத்துக்கொண்டு, "ஒரகடத்துல வேலை கிடைச்சிருக்கு, பசங்களோட ரூம்ல தங்கிக்கறேன், ராணி அக்கா உன்னைப் பார்த்துக்குவாங்க" என்றாய். பக்கத்து வீட்டு ராணி வந்து கழுவித் துடைக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிறாள், பாவம்.

போன வாரம் கன்னியம்மா தேடிக்கொண்டு வந்தாள். உத்திரமேரூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து, ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, இப்பிடி எளச்சிப் பூட்டீங்க. பிரதரு வரலியா?" என்றாள். வரவில்லை என்றேன். "அன்னிக்கி நான் லேட்டா வந்தேன். அத்த நெனச்சா எனுக்குச் சோறு எறங்கல. ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? ரெயிலு போட்டுத்தான் கீது. எதிர்க் கட்டிலு பொண்ணு பாத்துக்கினு இருந்துச்சாம், எங்கிட்ட சொல்லிச்சி. நான் பிரதரு கிட்ட போயி, மேட்ரனாண்ட சொல்றேன்யா, நீ ஏன் தலய குட்த்துக்கினு நிக்கிறன்னு கேட்டேன். வாணாம் ஆயாம்மா, அம்மாவ ஒண்ணும் கேக்காதீங்கன்னிச்சி. அப்பறம் ஸ்டோர் ரூம்ல குந்திக்கினு அயுதுச்சி."

என்ன சொல்லி அழுதான் என்று கேட்டேன். அவள் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே தயங்கினாள். "பெத்த அம்மாவே எங்கிட்ட கேக்கக் கூச்சப்பட்டு எலும்ப ஒட்ச்சிக்கினாங்க. இனிமே நான் எந்தப் பொம்பள கிட்ட போயி நம்புங்கன்னு நிக்கிறது? என் கையே தப்பு ஆயாம்மா. இப்பிடிச் சொல்லிச்சி." சுளையை என் கையில் வைத்தாள். என்னால் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மேட்ரன் திட்டியதற்காக நீ போய்விட்டாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வசவு உன்னை விரட்டவில்லை. நான் விரட்டினேன். அன்றே மேட்ரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், பெட்பேன், ஒப்படைப்பு, என் கூச்சம், ஒன்று விடாமல். "இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அந்தப் பையன நான் எல்லார் எதிர்லயும் பேசிட்டேனே" என்றார். இந்த மாதக் கடைசிக்குள் நீ வந்தால் எடுத்துக்கொள்கிறாராம். "ஆனா அவனே வரணும். அம்மா சொல்லி அனுப்பிச்சாங்கன்னு வந்து நின்னா வேலைக்கு ஆகாது" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். அந்த வேலைச் செய்தியை மட்டும் அவசரமாக உன்னிடம் போனில் சொன்னபோது, "விடும்மா, அந்த வேலை எனக்கு ஒத்து வராது" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, அருள். ஜெபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் விட்டுப்போகிறது. மாதம் முடியப் போகிறது. நான் எழுந்து நடக்கிறவளாக இருந்தால் ஒரகடத்துக்கே வந்து உன் கம்பெனி வாசலில் நின்றிருப்பேன்.

நீ மனிதர்களைத் தொடும் விதத்தை என் கண்ணால் பார்த்தேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். உன் கையில் குறை இல்லை. திரும்பிப் போனால் டாக்டர் கத்துவார், கத்தட்டும், அதை வார்டிலேயே விட்டுவிட்டு வா. தொடர்ந்து இரண்டாவது ஷிப்டு நிற்கச் சொன்னால், முடியாத அன்று முடியாது என்று சொல்லப் பழகு. சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. யாராவது இறந்த நாளில் வீட்டுக்கு வந்து அழ வேண்டும் போலிருந்தால் அழு, கையைக் கழுவினாயா என்று நான் கேட்க மாட்டேன். ஒரு நோயாளி வேண்டாம் என்று சொன்னால் நம்பிவிடாதே. குறிப்பாக நன்றாக வாரிய தலையோடு, நல்ல தமிழில், மரியாதையாக வேண்டாம் என்று சொல்கிற பெண்களை நம்பாதே. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து இன்னொரு முறை கேள். என்னிடம் நீ இன்னொரு முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை. இருக்கும் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இந்த இதழின் ஒரு பிரதியை ஞாயிற்றுக்கு முன்பே உன் அறைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு உனக்கு விடுமுறை என்று உன் அறைப் பையன் ராணியிடம் சொல்லியிருக்கிறான். அன்று காலை வர வேண்டாம் என்று ராணியிடம் சொல்லிவிட்டேன். "யாரு டீச்சர் பாத்துக்குவாங்க?" என்று பயந்து கேட்டாள். என் பையன் நர்ஸ் என்றேன். வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். விடிந்ததும் எனக்குப் பெட்பேன் வேண்டும். கழுவிவிட வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், முதுகில் ஒரு இடம் புண்ணாகத் தொடங்கியிருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நம் பங்கில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் படிக்கட்டும். நீ வந்து செய்யும் வரை அப்படியே படுத்திருப்பேன். கதவைத் தாழ் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன் அம்மா